வெள்ளைக் கல்லுல கத்தி தீட்டுறது எப்படி: ஃபைன் செராமிக் கல் புதுசா வாங்கினவங்களுக்கு

ஃபைன் செராமிக் கல் கைக்கு வந்த அன்னிக்கு நான் பண்ண கூத்த மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா புதுசா வர்றவங்க முக்கால்வாசி பேரு அதையேதான் பண்றாங்க. வீட்டுல இருந்ததுலயே மொக்கையான கத்தியா பாத்து எடுத்தேன், வெள்ளை வெளேர்னு இருந்த கல்லு மேல வச்சு முக்கால் மணி நேரம் தேய் தேய்னு தேச்சேன். கை வலி எடுத்துடுச்சு. கத்தியோட பக்கவாட்ட பாத்தா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, என் மூஞ்சியே தெரியுது. சரி முடிஞ்சுதுன்னு ஒரு தக்காளிய எடுத்து வச்சு அழுத்தினா, தோல் கிழியாம தக்காளி நசுங்குது. முகம் பாக்கலாம், வெட்ட முடியாது, அப்படி ஒரு கத்தி.

கல்லு மேல தப்பே இல்ல. மழுங்கின கத்திய கூராக்குறது அந்த கல்லோட வேலையே கிடையாது. ஏற்கனவே கூரா இருக்கிற கத்திய இன்னும் கொஞ்சம் மேல கொண்டு போறதுக்கும், லேசா கூர் இறங்கினத திருப்பி ஏத்துறதுக்கும்தான் அது. இத புரிஞ்சுக்காம வாங்கினவங்கதான் ரெண்டே வாரத்துல "செராமிக் வேஸ்ட்டுப்பா"ன்னு தூக்கி ஓரமா போட்டுடறாங்க.

ஏன்னு கொஞ்சம் பாப்போம். கத்தியோட ரெண்டு பக்கச் சரிவும் கீழ போயி ஒரு கோட்டுல சந்திக்கும்ல, அதுதான் எட்ஜ். நல்லா தீட்டின கத்தியில அந்த கோட்டோட அகலம் ஒரு மைக்ரானுக்கும் கம்மியா இருக்கும், ஒரு தலைமுடியே 50லேர்ந்து 100 மைக்ரான் கனம் இருக்கும்னா பாத்துக்கோங்க. மழுங்கினதுன்னா அந்த கோடு உருண்டு போச்சுன்னு அர்த்தம். திரும்ப கூர் வரணும்னா ரெண்டு பக்கத்துலயும் இரும்ப சீவி எடுத்து, ரெண்டு சரிவும் புதுசா ஒரு எடத்துல சந்திக்கிற மாதிரி செய்யணும். ஃபைன் செராமிக் இரும்ப எடுக்கிற வேகம் ரொம்ப ரொம்ப கம்மி. அதனால சரிவுல இருக்கிற கீறலெல்லாம் மறைஞ்சு பளபளப்பு வந்துடும், உருண்டு போன எட்ஜ் மட்டும் அப்படியே உருண்டையா கெடக்கும்.

வாங்கும்போதே ஒரு குழப்பம்

"செராமிக்"னு பேர் போட்டு ரெண்டு வேற வேற ஜாதி கல்லு விக்குது. ஒண்ணு, அலுமினியம் ஆக்ஸைடு பொடிய அச்சுல அழுத்தி, பொதுவா 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல சூடு பண்ணி, துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே கட்டியா ஆனது. ஸ்பைடர்கோ கம்பெனியோட வெள்ளைக் கல்லு இந்த ரகம். இது தேயவே தேயாதுன்னு சொல்லலாம், நடுவுல குழி விழாது, ஊற வைக்க வேண்டாம். இன்னொண்ணு ஷாப்டன் கம்பெனியோடது மாதிரி ஜப்பான் வாட்டர் ஸ்டோன், அதாவது தண்ணி விட்டு தீட்டுற கல்லு. அதையும் செராமிக்னுதான் சொல்வாங்க, ஆனா அது தேய்ப்புத் துகள ஒரு பசையில கட்டி வச்சது, தேய்க்கத் தேய்க்க மேல் படலம் உதிர்ந்து புது துகள் வெளிய வரும், அதனால கல்லும் தேயும், அடிக்கடி மட்டம் பண்ணணும். நான் இங்க பேசறது முதல் ரகத்த பத்தி மட்டும்.

கிரிட் நம்பர், அதாவது கல்லுல இருக்கிற துகள் எவ்ளோ பொடிசுன்னு சொல்ற நம்பர், அத பத்தியும் ஒரு வார்த்தை. வாட்டர் ஸ்டோன்ல நம்பருக்கு அர்த்தம் இருக்கு. ஷாப்டன் கணக்குல 1000 கிரிட்னா துகள் 14.7 மைக்ரான், 8000னா 1.84 மைக்ரான். இந்த சுட்டு எடுத்த செராமிக்ல அப்படி நேரா நம்பர் சொல்ல முடியாது, ஏன்னா துகள் சைஸ விட கல்லோட மேற்பரப்ப எப்படி முடிச்சிருக்காங்கங்கறதுதான் முக்கியம். அதனாலதான் மீடியம், ஃபைன், அல்ட்ரா ஃபைன்னு வெறும் பேர் வச்சு விக்கறாங்க. இது எத்தன கிரிட்டுக்கு சமம்னு சண்டை போட்டுட்டு இருக்கறவங்க பக்கம் போகாதீங்க, நேரம்தான் வேஸ்ட்டு. முதல் கல்லுக்கு ஃபைன் போதும். அல்ட்ரா ஃபைன் அப்புறம் பாத்துக்கலாம், என்ன கேட்டா சமையலறை கத்திக்கு அது தேவையே இல்ல.

தேவைப்படுற மத்த சாமான்: ஒரு கரடு கல் (வைரத்தூள் ஒட்டின தகடு, 300, 400 கிரிட் டைமண்ட் பிளேட்டோ, 1000 கிரிட் வாட்டர் ஸ்டோனோ), ஒரு பர்மனென்ட் மார்க்கர், ஒரு ஈரத்துணி, நல்ல வெளிச்சம். அவ்ளோதான்.

கத்தி ரெடியான்னு பாருங்க

செராமிக்க தொடறதுக்கு முன்னாடி கத்திய கழுவி தொடைச்சுட்டு, எட்ஜ் உங்க கண்ண பாக்குற மாதிரி, கூர் மேல இருக்க புடிச்சு, ஒரு லைட்டுக்கு கீழ கொண்டு போங்க. செல்போன் டார்ச் போதும். கத்திய லேசா முன்ன பின்ன சாய்ங்க. கூரான எட்ஜ் வெளிச்சத்த திருப்பி அடிக்காது, ஒண்ணுமே தெரியாது, கருப்பா போயிடும். எங்கயாவது வெள்ளையா ஒரு கோடோ புள்ளியோ மின்னுச்சுன்னா அந்த எடம் மழுங்கி இருக்கு இல்ல சில்லு பேந்து இருக்குன்னு அர்த்தம். முழு நீளத்துக்கும் மின்னுதா? நேரா கரடு கல்லுக்கு போங்க, அங்க வேலைய முடிச்சுட்டு வாங்க. ஒண்ணு ரெண்டு எடத்துல ரொம்ப மெல்லிசா மின்னுதா, இல்ல பேப்பர் வெட்டும்போது ஒரு எடத்துல மட்டும் இழுக்குதா, அப்போ செராமிக்கே போதும்.

கரடு கல்லுல எப்போ நிறுத்தணும்னு கேட்டா, ஒரு பக்கம் தேச்சா மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு வரணும், திருப்பி தேச்சா இந்தப் பக்கம் வரணும். பிசிறுன்னா எட்ஜ்ல இரும்பு மெல்லிசா மடங்கி நிக்கும்ல, இங்கிலீஷ்ல பர்னு சொல்றது. முதுகுல இருந்து எட்ஜ் பக்கமா, எட்ஜ தாண்டி வெளிய போற மாதிரி கட்டை விரல மெதுவா நகத்தினா சொரசொரன்னு மாட்டும். நீளவாக்குல மட்டும் விரல ஓட்டிடாதீங்க, பதம் பாத்துடும். கரடு கல்லுலயே கத்தி பேப்பர வெட்டற அளவுக்கு வந்தாகணும். வரலைன்னா அடுத்த கல்லுக்கு போய் பிரயோஜனம் இல்ல, எனக்கு இது மண்டையில ஏற ஆறு மாசம் ஆச்சு.

கல்ல வைக்கிறது

ஈரத்துணிய நாலா மடிச்சு மேஜை ஓரமா போட்டு, அது மேல கல்லு. நகரவே கூடாது. தண்ணி போடறதா வேண்டாமான்னா ரெண்டும் ஓகேதான். காஞ்ச கல்லுலயே வேலை செய்யும், ஆனா நான் ரெண்டு சொட்டு தண்ணியும் துளியூண்டு பாத்திரம் கழுவுற லிக்விடும் விட்டுக்குவேன், இரும்புத் தூள் கல்லுல அப்பிக்கிறது கொறையும். எண்ணெய் வேண்டாம், ஒரு லாபமும் இல்ல, கழுவுறதுதான் தலைவலி.

ஆங்கிள்

இங்கதான் எல்லாரும் பயப்படுவாங்க. டிகிரி கணக்க கண்ணால பாக்க முடியாது, உயரமா மாத்திக்கிட்டா ஈஸி. கத்தியோட அகலத்த, அதாவது முதுகுல இருந்து எட்ஜ் வரைக்கும், ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க. 45 மில்லிமீட்டர் அகலம்னா, 15 டிகிரிக்கு முதுகோட நடு கல்லுல இருந்து கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் உயரத்துல நிக்கணும், 20 டிகிரிக்கு 15 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன கத்தின்னா 8ம் 10ம். காச ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அந்த உயரத்துக்கு கொண்டு வந்து, கத்தி முதுக அது மேல சாய்ச்சு, அந்த சாய்வ கைக்கு பழக்குங்க, அப்புறம் காச எடுத்துடுங்க. மணிக்கட்ட லாக் பண்ணிட்டு தோள்பட்டையில இருந்து கைய நகத்தணும், மணிக்கட்டு ஆடினா ஆங்கிள் போச்சு.

அப்புறம் மார்க்கர். சரிவு முழுக்க கருப்பு மை பூசிட்டு, கல்லுல ரெண்டே ரெண்டு இழுப்பு, எடுத்து பாருங்க. மை எட்ஜ் ஓரத்துல மட்டும் போயிருந்தா நீங்க முதுக ரொம்ப தூக்கிட்டீங்க. மேல் பக்கம் மட்டும் போயி எட்ஜ் ஓரமா கருப்பு கோடு நின்னா ரொம்ப தாழ்த்திட்டீங்க, அதுதான் மோசம், எவ்ளோ தேச்சாலும் எட்ஜ தொடவே மாட்டீங்க. என் முக்கால் மணி நேர கதையில இதுவும் சேர்ந்துதான் நடந்துச்சு, மார்க்கர் பூசியிருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

இழுக்கிறது

எட்ஜ் முன்னாடி போற மாதிரி, கல்லு மேல இருந்து ஒரு மெல்லிய தோல சீவி எடுக்கறாப்ல தள்ளுங்க. கைப்பிடி பக்கத்துல ஆரம்பிச்சு ஒரே வீச்சுல நுனில முடியணும். நுனி வளைஞ்சு இருக்கும்ல, அங்க வரும்போது கைப்பிடிய கொஞ்சமே கொஞ்சம் தூக்கணும், இல்லன்னா நுனி கல்ல தொடாது. நுனி கல்ல விட்டு கீழ நழுவ விடாதீங்க, உருண்டுடும். கல்லு மேலயே நிறுத்தி தூக்குங்க.

அழுத்தம் எவ்ளோன்னு எழுத்துல சொல்றது கஷ்டம், அதனால ஒரு வழி. கிச்சன் தராசு இருந்தா கல்ல அது மேல வச்சு ஜீரோ பண்ணிட்டு தீட்டி பாருங்க. நான் முதல்ல பண்ணப்போ நம்பர் 2 கிலோவ தாண்டுச்சு, நானே அசந்துட்டேன், ஏன்னா லேசாதான் அழுத்தறோம்னு நெனச்சுட்டு இருந்தேன். ஃபைன் செராமிக்ல ஆரம்பத்துல 300, 400 கிராம் போதும், கடைசி இழுப்புகள்ல கத்தியோட சொந்த எடை மட்டும். இது ரொம்ப கெட்டியான கல்லு, துளிகூட விட்டுக் கொடுக்காது. அதுவும் எட்ஜ் கல்ல தொடற எடம் ஊசி மாதிரி மெல்லிசு, நீங்க வைக்கிற எடை பூரா அந்த கோட்டுல இறங்கும். அழுத்தினா எட்ஜ் மடங்கும், இல்ல நொறுங்கும், நீங்க ஏத்தின கூர நீங்களே எறக்கறீங்க.

காத தீட்டி வச்சுக்கோங்க, சும்மா சொல்லல. சரியான ஆங்கிள்ல போனா சத்தம் ஒரே மாதிரி, மெல்லிசா, பட்டுத்துணிய தடவற மாதிரி ஸ்ஸ்ஸுன்னு இருக்கும். முதுகு தூக்கிடுச்சுன்னா கீச்சுன்னு ஏறும், எட்ஜ் கல்ல கடிக்குதுன்னு கைக்கே தெரியும். தாழ்ந்துடுச்சுன்னா சத்தம் மந்தமாயிடும், வழுக்கிட்டு போகும். கல்லு மேல பாத்தா ஒவ்வொரு இழுப்புக்கும் சாம்பல் கலர்ல ஒரு கோடு விழும், அதுதான் நீங்க எடுத்த இரும்பு. கோடு விழலைன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம்.

ஒரு பக்கம் அஞ்சு, மறுபக்கம் அஞ்சு. அப்புறம் மூணு மூணு. அதுக்கப்புறம் பக்கத்துக்கு ஒண்ணொண்ணா மாத்தி மாத்தி ஒரு பத்து தடவை, ஒவ்வொரு தடவையும் இன்னும் லேசா. கரடு கல்லு மாதிரி இங்க ஒரே பக்கம் அம்பது இழுப்பு இழுக்காதீங்க, பிசிற வளத்து விடுவீங்க.

பிசிறு, இன்னொரு தடவை

செராமிக்குக்கு வந்தப்புறம் பிசிறு விரலுக்கு மாட்டாத அளவுக்கு சின்னதாயிடும், போயிடுச்சுன்னு நெனச்சு விட்டுடுவோம். அந்த கத்தி முதல் நாள் பயங்கரமா வெட்டும், மூணாவது நாள் மொக்கையாயிடும், ஏன்னா நீங்க வெட்டினதே அந்த பிசிறாலதான், அது ஒடிஞ்சதும் கீழ மழுங்கின எட்ஜ்தான் மிச்சம். கொஞ்சம் பஞ்செடுத்து எட்ஜ் பக்கமா லேசா தடவி பாருங்க, நூல் மாட்டுற எடத்துல பிசிறு இருக்கு. இல்லன்னா மறுபடி டார்ச், சரிவுக்கு பக்கவாட்டுல அடிச்சா ஓரத்துல வெள்ளையா முடி மாதிரி ஒரு கோடு மின்னும்.

அத எடுக்கறதுக்கு முதுக வழக்கத்த விட ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி, எட்ஜ் முன்னாடி போற மாதிரியே, கத்தியோட எடை மட்டும் வச்சு, பக்கத்துக்கு ரெண்டே ரெண்டு இழுப்பு. அப்புறம் பழைய உயரத்துக்கு எறங்கி மாத்தி மாத்தி நாலஞ்சு. திரும்ப பஞ்சு. நான் சில கத்திக்கு இத மூணு சுத்து பண்ணுவேன், சாஃப்டான ஸ்டெயின்லெஸ் கத்தியில பிசிறு சூயிங்கம் மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மடங்கிட்டே இருக்கும், லேசுல போகாது. அந்த மாதிரி கத்திய ரொம்ப பாலிஷ் பண்ண நினைக்கவே வேண்டாம்.

இந்த ஆங்கிள் தூக்குற வித்தையிலதான் செராமிக்கோட முழு பலனும் இருக்கு. கரடு கல்லுல 15 டிகிரில சரிவ அமைச்சுட்டு, செராமிக்ல 17, 18 டிகிரிக்கு தூக்கி பக்கத்துக்கு பத்து இழுப்பு மட்டும் குடுத்தீங்கன்னா, எட்ஜ்ல கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு குட்டி சரிவு விழும். மைக்ரோ பெவல்னு சொல்வாங்க. கல்லு மெதுவா தின்னாலும் பரவாயில்ல, ஏன்னா இப்ப அது திங்க வேண்டிய எடமே ஒரு நூல் அகலம்தான். ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் கூர் எறங்கினா அதே குட்டி சரிவ மட்டும் அஞ்சு இழுப்புல புதுப்பிச்சுக்கலாம், கரடு கல்ல எடுக்கவே தேவையில்லாம பல வாரம் ஓட்டலாம். என்னோட எல்லா கத்தியும் இப்ப இப்படித்தான் ஓடுது.

கையால ஆங்கிள் நிக்கவே மாட்டேங்குதுன்னா முக்கோண செராமிக் குச்சி ரெண்டு V மாதிரி நிக்கிற செட் ஒண்ணு இருக்கு, ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர்னு பேரு. அதுல குச்சி ஏற்கனவே பக்கத்துக்கு 15 இல்ல 20 டிகிரில சாஞ்சு நிக்கும், நீங்க கத்திய நேரா செங்குத்தா கீழ இழுத்தா போதும். முதல்ல குச்சியோட மூலை ஓரத்துல, அப்புறம் தட்டை பக்கத்துல. பழகறவரைக்கும் நல்ல ஊன்றுகோல், நான் கேவலமா பாக்க மாட்டேன்.

டெஸ்ட்டு: மெல்லிசான பேப்பர ஒரு கையில தொங்க விட்டு, கைப்பிடி பக்கத்துல இருந்து நுனி வரைக்கும் ஒரே வெட்டு. எங்க கிழியுதோ, இழுக்குதோ அந்த எடத்துல வேலை பாக்கி. கையில இருக்கிற முடிய மழிச்சு பாக்கறது கெத்தா இருக்கும், ஆனா பிசிறு இருக்கிற கத்தியும் முடிய மழிக்கும், அதனால அத நம்பாதீங்க.

பாலிஷ் எவ்ளோ வேணும்?

கண்ணாடி மாதிரி மின்னணும்னு எல்லாருக்கும் ஆசை. மரம் செதுக்கற உளி, மழிக்கிற கத்தி, நேரா அழுத்தி வெட்டுற வேலை, இதுக்கெல்லாம் பாலிஷ் பண்ண எட்ஜ் அருமை. ஆனா இழுத்து அறுக்கற வேலைக்கு, கயிறு, அட்டைப்பெட்டி, பழத்தோல், கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாதான் பிடிக்கும், அந்த நுண்ணிய பல்லுதான் அறுக்குது. சமையலறை கத்திக்கு ஃபைன் செராமிக்ல லேசா ஒரு சுத்து, அதோட நிறுத்திடுங்க. உளிக்குன்னா அல்ட்ரா ஃபைன், அதுக்கப்புறம் லெதர் பட்டையில பச்சை க்ரோமியம் ஆக்ஸைடு (பாலிஷ் பண்ற பொடி) பூசி எட்ஜ் பின்னாடி வர்ற மாதிரி இழுத்தா போதும்.

சில கத்திக்கு இந்த கல்லு ஒத்து வராது. பல்லு வச்ச பிரெட் கத்திய தட்டை கல்லுல தீட்ட முடியாது. செராமிக் கத்திய இதுல வச்சா எட்ஜ் சில்லு சில்லா பேந்துடும், அதுக்கு டைமண்ட்தான். அப்புறம் வனேடியம் நிறைய சேத்த S90V மாதிரி ஸ்டீல். அதுல இருக்கிற வனேடியம் கார்பைடுங்கற கெட்டித் துகள், கெட்டித்தன்மைய அளக்கற விக்கர்ஸ் அளவுல 2,600க்கு மேல, நம்ம அலுமினியம் ஆக்ஸைடு சுமார் 2,000தான், தன்ன விட கெட்டியானத அதால சீவ முடியாது, சுத்தி இருக்கிற இரும்ப மட்டும் சொறிஞ்சுட்டு இருக்கும். சாதாரண ஸ்டெயின்லெஸ்ல இருக்கிற க்ரோமியம் கார்பைடு 1,500 பக்கம்தான், அத தாராளமா வெட்டும்.

கல்ல கழுவுறது

நாலஞ்சு கத்தி போட்டதும் கல்லு சாம்பலா, கருப்பா ஆயிடும், விரல வச்சா வழவழன்னு போகும். தேஞ்சு போச்சுன்னு தூக்கி போட்டுடாதீங்க, இரும்புத் தூள் மேல அடைச்சுக்கிச்சு, அவ்ளோதான். பாத்திரம் தேய்க்கிற பவுடர் கொஞ்சம், ஸ்க்ரப்பர், தண்ணி, ரெண்டு நிமிஷம் வட்டமா தேய்ங்க, திரும்ப வெள்ளை வந்துடும். அவசரத்துக்கு பென்சில் ரப்பரே போதும். பல வருஷம் ஓட்டி, கழுவினாலும் வழுக்கிட்டே இருந்தா மேற்பரப்பு மொழுக்காயிடுச்சு, பழைய டைமண்ட் பிளேட்டால லேசா பத்து இழுப்பு குடுத்தா உயிர் வரும். புது டைமண்ட் பிளேட்டால பண்ணாதீங்க, கல்ல விட பிளேட்டுதான் சீக்கிரம் போகும்.

தேயாத கல்லுதான், ஆனா கீழ விழுந்தா கண்ணாடி மாதிரி. என்னுது கழுவும்போது சோப்புல வழுக்கி தரையில விழுந்து ரெண்டா போச்சு, ஒண்ணு உள்ளங்கை நீளம், இன்னொண்ணு கட்டை விரல் நீளம். பெருசு இன்னும் மேஜைலதான் இருக்கு. சின்னத உடைஞ்ச ஓரத்த மட்டும் டைமண்ட் பிளேட்டுல மழுக்கிட்டு, கல்ல கையில புடிச்சு கத்திய அசையாம வச்சு தீட்டறதுக்கு வச்சுக்கிட்டேன். உள்பக்கமா வளைஞ்ச கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் முழு கல்ல விட அந்த துண்டுதான் வசதியா இருக்கு.